நிறம் ஏறிய ஏழு காசுகள்

நவம்பர் 16, ஞாயிறு

விளக்கு வைக்கிற நேரத்தில் என் பழைய மாணவன் வந்தான். பிளஸ் டூவில் என்னிடம் வேதியியல் படித்தவன். இப்போது செங்கம் சாலையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். காசு சேர்க்கும் பழக்கமும் என்னிடமிருந்துதான் அவனுக்குத் தொற்றியது. சட்டைப் பையிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்து மேஜை விளக்கின் கீழே வைத்தான். 1901ஆம் வருஷத்து விக்டோரியா ரூபாய். ராணியின் கன்னம் கருநீலம், முடி ஊதா, எழுத்தோரமெல்லாம் மயில் கழுத்து நிறம். ஒன்பதாயிரம் கொடுத்தானாம். நிறம் இல்லாவிட்டால் அந்தத் தேய்மானத்துக்கு அதில் பாதிகூடத் தேறாது.

"சார், இது தானா வந்த டோனிங்கா, ஏத்துன டோனிங்கா? நீங்கதான் சொல்லணும்."

பூதக்கண்ணாடியை வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளியும் கந்தகமும் சேரும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒரு தடவைகூட அது காசின் மேல் எப்படி ஏறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. "ரெண்டு மூணு வாரம் டைம் குடுப்பா" என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 17, திங்கள்

இரும்புபோல் வெள்ளி துருப்பிடிப்பதில்லை. காற்றில் மூக்குக்கே எட்டாத அளவு கந்தக வாயு இருந்தால் போதும், ஈரத்தின் துணையோடு மேல்தோல் சில்வர் சல்பைடாக மாறிவிடும். அந்தப் படலம் மெல்லியதாக இருக்கும்வரை கறுப்பு தெரியாது. மழைத் தண்ணீரில் சிந்திய பெட்ரோலில் நிறங்கள் தெரிகிற அதே காரணத்தால், படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் கலந்து நிறமாகத் தெரியும். தடிமன் ஏற ஏற நிறம் மாறும்: வைக்கோல் மஞ்சள், தேன், செம்பழுப்பு, ஊதா, நீலம், வெளிர்நீலம், பிறகு மறுபடி ஒரு மஞ்சள், ஒரு இளஞ்சிவப்பு, பச்சை, முடிவில் கறுப்பு. நீலம் வரும்போது படலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான்.

டோனிங் என்று சொல்கிற இந்த நிறத்துக்கு விலை வந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1878 முதல் அடித்த மார்கன் டாலர்களை அவர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பைகளில் கட்டிக் கருவூலத்தில் போட்டு வைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பைகளை அவிழ்த்தபோது, துணியை ஒட்டிக் கிடந்த காசுகளில் வானவில். சிலவற்றில் நெசவின் இழைகூடப் பதிந்திருந்தது. சேகரிப்பவர்கள் அதற்குப் பல மடங்கு கொடுத்தார்கள். விலை வந்ததும் கந்தகத்தைக் கையில் எடுத்தவர்களும் வந்தார்கள். 1986இலும் 1987இலும் அங்கே தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற தரச்சான்று நிறுவனங்கள், நிறம் சந்தேகமாக இருந்தால் அந்தக் காசுக்கு எண் தரம் கொடுப்பதில்லை.

நம் பக்கம் வெள்ளி ரூபாய் அரைஞாணிலும் பூஜை அறையிலும் இருந்த பொருள். நாள் கிழமைக்குத் தேய்த்துக் கழுவிவிடுவோம். அதனால்தான் நம் காசுகளில் இயற்கையான வானவில் அரிது. அரிதாக இருப்பதால் ஏமாற்றுவதும் எளிது.

நவம்பர் 18, செவ்வாய்

எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறு நாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் முட்டை வரக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் முதல் சோதனை இன்றைக்கே, மொட்டை மாடியில். தேய்ந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை (1918) அசிட்டோனில் அலசிக் காயவைத்தேன். கைரேகை எண்ணெய் இருந்தால் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். வேகவைத்த முட்டையைச் சூட்டோடு இரண்டாக வெட்டி, காசை ஒரு தாளின் மேல் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி டப்பாவை மூடினேன். வெந்த வெள்ளைக்கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். மஞ்சள் கருவைச் சுற்றி வருகிற பச்சை வளையமும் அதன் வேலைதான்.

இருபது நிமிடத்தில் முட்டைப் பக்கம் இருந்த ஓரம் தங்கமானது. ராஜாவின் காதோரம் ஊதா நிழல் எழும்பியது. மனசு துள்ளியது, மறைப்பானேன். கீழே தபால்காரர் கூப்பிட்டார். போய்க் கையெழுத்துப் போட்டு, நின்று பேசிவிட்டு ஏறி வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. காசு ஈயம்போல் சாம்பல் கறுப்பாகக் கிடந்தது. தாளில் பட்டிருந்த அடிப்பக்கம் மட்டும் வெள்ளை.

நவம்பர் 19, புதன்

மெதுவான முறைக்குப் போவதென்று முடிவு செய்தேன். நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் வாங்கினேன். சூடு காட்டுவதில்லை, கந்தகத்தை எரித்தால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். மூன்று ஊறுகாய் பாட்டில்கள். முதல் பாட்டிலில் ஒரு ஸ்பூன் கந்தகமும் ஈரப் பஞ்சும். இரண்டாவதில் கந்தகம் மட்டும். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

காசுகள்: முதல் பாட்டிலில் இரண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. இவை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. முதல் பாட்டிலில் கூடுதலாக மூன்று: 1944ஆம் வருஷத்து அரை வெள்ளி ரூபாய் (போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்த்தார்கள்), புலி போட்ட 1947 நிக்கல் ரூபாய், 1957ஆம் வருஷத்து வெண்கல நயா பைசா. எல்லாம் தேய்ந்தவை, எங்கும் கிடைப்பவை. நல்ல காசு ஒன்றைக்கூட இதற்குத் தொடவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஈர பாட்டிலில் விளிம்பை ஒட்டி வைக்கோல் மஞ்சள். உலர்ந்த பாட்டிலில் ஒன்றும் இல்லை. நயா பைசா பழுப்பிலிருந்து சாக்லேட்டுக்குப் போய்விட்டது.

நவம்பர் 24, திங்கள்

காலையில் கொடியேற்றம். கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் மனைவி வெள்ளி விளக்குகளை எடுத்துப் போட்டு விபூதியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளைக்கும் செம்புக்கும் புளி, வெள்ளிக்கு விபூதி. எங்கள் அம்மா வழி அது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குத்துவிளக்கைத் தேய்த்தேன். காசைத் தேய்க்காதே என்று ஊரெல்லாம் சொல்கிறவன் விளக்கைத் தேய்க்கலாமா என்று கேட்டால், தேய்க்கத்தான் வேண்டும் என்பேன். விளக்கு இன்னும் வேலை செய்கிற பொருள். அதைத் துலக்குவதும் பூஜையில் சேர்ந்தது. காசு தன் வேலையை முடித்துவிட்டது. இனி அது வைத்திருப்பது தன் மேல் படிந்த காலத்தை மட்டும்தான். அதையும் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது உலோகம்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள்: செம்போடு கூடவே இருப்பது, ரச குளிகை பட்டால்தான் போவது. உயிருக்குச் சொன்னது அது. காசுக்குக் களிம்புதான் கவசம்.

நவம்பர் 26, புதன்

ஈர பாட்டிலில் இரண்டு ரூபாயும் தேன் நிறத்தைத் தாண்டி ஊதாவில் நிற்கின்றன. ஒன்றில் மகுடத்தருகே நீலம் தொடங்கிவிட்டது. உலர்ந்த பாட்டிலில் இப்போதுதான் வைக்கோல் மஞ்சள். அதே கந்தகம், அதே வெள்ளி; ஈரம் இல்லாததால் ஐந்து நாள் பின்தங்கி நிற்கிறது. அரை வெள்ளி ரூபாயில் நிறமே இல்லை, அழுக்குப் பழுப்புத் திட்டுகள்தான், செம்பு முந்திக்கொள்கிறது. புலி ரூபாய் அப்படியே பளிச்சென்று இருக்கிறது. நிக்கலுக்கு இந்தக் குளிர்ந்த கந்தகம் ஒரு பொருட்டே இல்லை.

இன்று கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. விளிம்பிலிருந்து உள்ளே போகிற நிறங்கள் வரிசை தவறுவதே இல்லை. நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் கட்டாயம் ஊதாவும் தேனும் மஞ்சளும் இருக்கின்றன, நூல் அளவாவது. முட்டைக் காசில் இந்த எல்லைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பியிருந்தன.

நவம்பர் 29, சனி

ஆறாம் நாள். ராத்திரி வெள்ளித் தேர். மின்விளக்கில் அந்த வெள்ளியைப் பார்த்தபடி மாட வீதியில் நின்றேன்.

திரும்பும் வழியில், திருவிழாக் கூட்டத்தை நம்பிக் கடை விரித்திருந்த ஒரு வியாபாரியோடு பேச்சு வந்தது. என் கைப்பையில் இருந்த நீலம் தொடங்கிய ரூபாயைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. விளக்கில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது அஞ்சாயிரம் போகும். குடுங்க" என்றார்.

"இது நான் ஏத்துன கலருங்க. பத்து நாள்தான் ஆச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்."

நடுச்சாமம் தாண்டியும் தூக்கம் வரவில்லை. கந்தகம் போட்டது பொய்யில்லை. ஆக்சிடைஸ்டு நகைக்குப் பத்தர்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள், வாங்குகிறவளுக்கும் தெரியும். "ஒண்ணும் சொல்ல வேணாம்" என்பதில்தான் பொய் இருக்கிறது. காசைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்ன கணத்தில் மனசுக்குள் ஐந்தாயிரத்தை ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 1, திங்கள்

செம்பு பற்றி எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு நம் ஊர்க் குறிப்பாகாது. இங்கே நிறமேற்றும் மோசடியில் பெரிய பங்கு வெள்ளியில் இல்லை. கிரிவலப் பாதையில் ருத்திராட்சத்தோடும் கல்லோடும் விற்கிற 'கம்பெனி காசு' இருக்கிறதே, அதில்தான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818 என்று இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ அடித்த வில்லை அது. அதைக் கறுக்க வைத்து, பச்சை ஏற்றி, அரிசியை இழுக்கும், வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரும் என்று லட்சக்கணக்கில் பேசி ஏமாற்றுகிற 'ரைஸ் புல்லிங்' வழக்குகளைப் பத்திரிகைகளில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்.

உண்மையான சென்னைக் கம்பெனி செப்புக் காசு எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் 1803இலும் 1808இலும் அடித்த பத்து காசு, இருபது காசு. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்து. 1808ஆம் வருஷத்துக் காசுகளைச் சென்னைக்கு ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை மேலே எடுத்தார்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் என்னிடம் இருக்கின்றன, ஒன்று கடலில் கிடந்தது, மற்றது நம் மண்ணில் கிடந்தது. கடல் காசின் முகம் அரித்துச் சொரசொரப்பாக இருக்கும். மண் காசு கரும்பச்சை, கண்ணாடிபோல் வழவழப்பு. பூதக்கண்ணாடியில் அந்தப் பச்சையின் கீறலுக்குள் செம்பு தெரியாது, குங்குமச் சிவப்பாக இன்னொரு படலம் தெரியும். அது குப்ரைட். அதன் மேல்தான் மாலகைட் பச்சை உட்காரும். நூறு வருஷப் பச்சைக்கு இப்படி இரண்டு மாடி.

ராமர் காசு ஒன்றை வாங்கி வந்து ஈரப் பஞ்சால் ஒத்தினேன். பச்சை பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் நேராகப் புதுச் செம்பு.

டிசம்பர் 2, செவ்வாய்

மகாதீபக் கொப்பரையை இன்று மலை மேல் கொண்டுபோனார்கள். நாளை பர்வதராஜகுலத்தார் 2668 அடி உயரத்தில் ஏற்றுவார்கள். செப்புக் கொப்பரை. பதினோரு நாள் நெய்யும் தீயும் பட்டு அது இறங்கும்போது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நெருப்பு வைத்த நிறம் அது. ஒருவரும் அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 3, புதன்

தீபம் பார்த்தோம். மாடியிலிருந்தே தெரிந்தது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

இன்று என் கணக்கெல்லாம் புரண்டது.

மாணவனுடைய காசில் இணைகோடுகளாக மெல்லிய கீறல்கள் உண்டு. தேய்த்துத் துலக்கிய அடையாளம். அந்தக் கீறல்களுக்கு உள்ளேயும் நீலம் ஏறியிருக்கிறது. ஆக, முதலில் தேய்த்திருக்கிறார்கள், பிறகுதான் நிறம் வந்திருக்கிறது. அதனால் போலி என்று நேற்று வரை தீர்மானமாக இருந்தேன்.

காலையில் மர பீரோவின் அடித்தட்டில் எதையோ தேடும்போது அப்பாவின் ரூபாய்கள் கையில் பட்டன. 1968இல் அப்பா போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் சுருக்குப் பையில் பதினான்கு வெள்ளி ரூபாய்கள் இருந்தன. கறுத்துக் கிடக்கிறதே, அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து, திண்ணையில் உட்கார்ந்து பதினான்கையும் விபூதி போட்டுக் கை வலிக்கத் தேய்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. பிற்பாடு குடும்பக் கஷ்டத்தில் பதினொன்று போயிற்று. மூன்று மிச்சம். நான் கெடுத்த காசுகள் என்பதால் அவற்றை ஆல்பத்தில் சேர்த்ததே இல்லை, எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

இன்று விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் நிறம் ஏறியிருக்கிறது. விளிம்பின் பள்ளக் கோடுகளில் கருநீலம், உள்ளே ஊதா, அதற்கும் உள்ளே தேன், நடுவில் வைக்கோல் மஞ்சள். பன்னிரண்டு வயதுக் கை போட்ட கீறல்கள் அத்தனைக்குள்ளும் அதே தேன் நிறம். யாரும் ஏற்றவில்லை. ஐம்பத்தேழு வருஷம் பீரோவின் காற்று ஏற்றியது.

கீறலுக்குள் நிறம் இருப்பது போலிக்குச் சாட்சி ஆகாது. தேய்த்த பிறகு நிறம் வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். எத்தனை நாள் கழித்து என்று சொல்லாது. இந்த மூன்று காசும் கிடைக்காமல் இருந்தால் அந்தப் பையனுக்குத் தவறான காரணத்தைச் சொல்லித் தீர்ப்பு எழுதியிருப்பேன்.

ரொம்ப நேரம் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போனவை என்று ஒதுக்கி வைத்ததற்கு மனசு வலித்தது.

டிசம்பர் 8, திங்கள்

பாட்டில்களைத் திறந்துவிட்டேன். ஈர பாட்டிலின் இரண்டும் நீலத்தில் நிற்கின்றன, உலர்ந்த பாட்டிலின் இரண்டும் தேன் நிறத்தில். முட்டைக் காசைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தேன். அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் காசை வைத்துச் சுடுநீரும் சோடா உப்பும் விட்டால், கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி திரும்பும். திரும்பியது. அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு கழன்றது. ஆனால் வந்த வெள்ளிக்கு உயிர் இல்லை. சுண்ணாம்பு பூசிய சுவர்போல் மங்கல். படலமாக மாறிய வெள்ளி காசின் சொந்தத் தோல் அல்லவா, உரித்துத் திரும்ப ஒட்டினால் பழையபடி வராது.

இந்த மங்கலைத்தான் மறைக்க வேண்டும் என்று ஒருவன் நினைத்தால் அடுத்து என்ன செய்வான்? மறுபடி கந்தகம்தான். கழுவிக் கெடுத்த காசுகள்தாம் பெரும்பாலும் நிறத்துக்குப் போகின்றன என்று இப்போது புரிகிறது.

திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை மணலில் கிடைத்த மலையமான் காசுகளை நினைத்துக்கொண்டேன். நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் சங்ககாலக் காசுகளில் எழுத்து வாசித்தது மயிரிழை போன்ற கோடுகளை நம்பித்தான். மணலில் எடுத்தவர் கையில் ஒரு உருண்டை புளி இருந்திருந்தால் அந்த எழுத்து நமக்கு இல்லை.

டிசம்பர் 10, புதன்

மாணவன் வந்தான். அவன் காசை ஹோல்டரிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னேன். என் ஈர பாட்டில் காசு, அப்பாவின் காசு, அவனுடைய காசு, மூன்றையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தேன்.

அப்பாவின் காசில் நிறம் விளிம்பில் தொடங்கி உள்ளே போகிறது; காற்று முதலில் படுவது அங்கேதான். அவன் காசில் விளிம்பின் கோடுகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, நடு முகம் மட்டும் கருநீலம். நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையில் தேனும் இல்லை, மஞ்சளும் இல்லை, கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. எழுத்துகளின் அடியில், புழங்கிய காசில் இருக்க வேண்டிய கைப்பிடி அழுக்கு துளியும் இல்லை. அந்த இடுக்குகளிலும் அதே நீலம்.

"கோர்ட்டுல கேட்டா என்னால நிரூபிக்க முடியாதுப்பா. ஆனா என் கண்ணுக்கு இது கழுவிட்டு ஏத்துனது. கழுவுன ரூபாய்க்கு என்ன விலையோ அதுதான் இதுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "விக்க மாட்டேன் சார். ஹோல்டர்லயே எழுதி வெச்சுடறேன்" என்றான். என் பேனாவை வாங்கி அங்கேயே எழுதினான்: நிறம் ஏற்றியது.

டிசம்பர் 13, சனி

என் சோதனைக் காசுகளை எண்ணினேன். நிறம் மாறியவை ஏழு: ஈர பாட்டிலின் இரண்டு, உலர்ந்த பாட்டிலின் இரண்டு, முட்டைக் காசு, அரை வெள்ளி, நயா பைசா. எனக்கு அறுபத்தொன்பது வயது. காகிதத்தில் எழுதி வைத்தால் காகிதம் ஒரு பக்கம் போகும், காசு ஒரு பக்கம் போகும். நாளைக்கு என் பேரன் நல்ல மனசோடு ஒருவரிடம் கொடுப்பான், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார், ஐந்தாவது கையில் அது வானவில் ரூபாய் ஆகிவிடும்.

தெருக்கோடிப் பத்தரிடம் கொண்டுபோனேன். பழைய நாளில் குழந்தை அரைஞாணில் கோக்க ஓட்டை போடுவார்களே, அப்படி ஒவ்வொன்றிலும் ஒன்று போடச் சொன்னேன். நீலக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுலயுமா ஐயா?" என்றார். அதிலும்தான் என்றேன்.

ஏழிலும் ஓட்டை போட்டு, ஒரே கயிற்றில் கோத்து, மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அப்பாவின் மூன்று ரூபாயும் இன்றைக்கு ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன.